முகூர்த்த கிடார்

பார்சலைப் பிரித்ததும் பால்துரைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கேசட்டின் அட்டையில் அவனேதான் இருந்தான். பட்டுச் சட்டை, படிய வாரிய தலை, மடியில் கிடார், பின்னால் இரண்டு வாழைமரமும் ஒரு குத்துவிளக்கும். அந்தச் சட்டை அவனுடையதில்லை, போட்டோ ஸ்டுடியோக்காரன் மாட்டிவிட்டது. வாழைமரமும் குத்துவிளக்கும் திரையில் வரைந்தவை. மேலே தங்க எழுத்தில் ‘முகூர்த்த கிடார்’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், இல்லற விழாக்களுக்கு ஏற்ற மங்கல இசை என்று ஒரு வரி. மங்கல இசையாம், கருமம்.

தொண்ணூறாம் வருஷம் ஆடி மாசம் அது. பால்துரை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். வாரமெல்லாம் கிரீஸும் பஞ்சுத் தூசியும், ஞாயிற்றுக்கிழமை சபையில் கிடார். முகம் சுளிப்பதில் அவனை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. சபைக்குக் கீபோர்டு வந்தபோது சுளித்தான். ஒரு பித்தானை அமுக்கினால் தாளம் தானாகவே வருகிறது என்று வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் துள்ளியபோது இன்னும் சுளித்தான். டீக்கடை ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு அலறினால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். அவிய காதுக்கு மட்டும் தேவலோகத்தில் இருந்து தனியாப் பாட்டு வரணும் என்று அவன் மனைவி ஞானரத்தினம் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் ஆள் சும்மா சுளித்துக்கொண்டு திரிந்தவன் இல்லை. ஆறு வருஷமாக ஒரு காரியம் செய்துகொண்டிருந்தான். சினிமாவும் ரிக்கார்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஜனங்கள் வாயில் என்னென்ன மெட்டு இருந்ததோ அதையெல்லாம் தேடிப்பிடித்துக் கிடாரில் ஏற்றினான். தேவதானத்து வயலில் நாற்று நடுகிற பெண்களின் மெட்டு ஒன்று. பிளவக்கல் பக்கம் ஆட்டுக் கிடை போடுகிற ஒருவரிடம் வாங்கியது ஒன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி விடியலில் வீதியைச் சுற்றிவரும் பஜனைக் கோஷ்டியின் மிகப் பழைய மெட்டு ஒன்று, அதற்காக நாலு மார்கழி சைக்கிள் மிதித்தான். மிஷன் காலத்துக் கீர்த்தனை மெட்டு இரண்டு. இப்படியாகப் பத்து சேர்ந்தது. வார்த்தை கிடையாது, தபேலா கிடையாது, ஒற்றைக் கிடார் மட்டும். ஒவ்வொரு மெட்டுக்கும் பக்கத்தில் அதைக் கொடுத்தவர் பேரும் ஊரும் அச்சாகவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தான்.

ஒன்பதையும் ஒரு தட்டில் வைத்து மீதி ஒன்றை இன்னொரு தட்டில் வைத்தால் அந்த ஒன்றுதான் இறங்கும். அது செல்லத்தாயின் ஒப்பாரி.

செல்லத்தாய்க்கு ஐம்பது வயது. மருந்துக்கட்டுத் துணி நெய்கிற தறிக்கூடத்தில் நூல் சுற்றும் வேலை. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, ஒரே மகள் மரகதம். அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆள் செல்லத்தாய் வீட்டுக்குத்தான் போகும். அவள் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தால்தான் மற்ற பெண்களுக்கே அழுகை பொங்கும் என்பார்கள்.

செல்லத்தாய் இருந்த தெருப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒப்பாரியில் வார்த்தை அன்றன்றைக்குக் கட்டுவது, செத்தவருக்குத் தகுந்தபடி மாறும். மெட்டு மாறாது. ஒருத்திக்கு ஒரு மெட்டுத்தான், அதுவும் தாயிடமிருந்து வரவேண்டும். அடுத்தவள் மெட்டில் எவளும் அழமாட்டாள். அப்படி அழுவது அடுத்தவள் தாலியை எடுத்துத் தன் கழுத்தில் கட்டிக்கொள்கிற மாதிரி. அதனால் வாசலுக்கு வெளியே நிற்கிறவர்கள்கூட, உள்ளே இப்போது அழுவது யார் என்று மெட்டை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

பால்துரை போய்க் கேட்டபோது அவள் ஒரு வருஷம் பிடிகொடுக்கவில்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைப்பது சாவுக்கு வெற்றிலை பாக்கு வைக்கிற மாதிரி என்று விரட்டிவிட்டாள். அவனும் விடவில்லை, ஞானரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு நடையாக நடந்தான். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். வீட்டுக்குள் பாடமாட்டாள், எந்தக் கூரைக்கும் கீழே பாடமாட்டாள், கண்மாய்க்கரையில் வெட்டவெளியில் என்றால் சரி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் போனார்கள். யாரை நினைத்து அழ என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு புருஷனை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். அரைமணி நேரம் அழுதாள். பால்துரை டேப் ரிக்கார்டரைப் பிடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் எழுந்து நேராகக் கண்மாயில் இறங்கித் தலைமுழுகினாள், இவர்கள் இரண்டு பேரையும் முழுகச் சொன்னாள். வேதக்காரர்களுக்கு இது எதற்கு என்று ஞானரத்தினம் முணுமுணுத்தாலும், முழுகத்தான் செய்தாள்.

ஈரச்சேலையோடு கரையேறி வந்துதான் செல்லத்தாய் விஷயத்தைச் சொன்னாள்.

“தம்பி, குடுத்துட்டேன். ஆனா இதுக்கு ஒப்பாரின்னே பேரைப் போட்டுக் கடைசிப் பாட்டா வையி. நல்ல காரியம் நடக்கிற வீட்டுல கேசட்டு ஓடுச்சுன்னா, இது வாரதுக்கு முன்ன நிப்பாட்டிக்கிடணும். எம்பாட்டு ஒரு மங்கல வீட்டுல கேட்கக் கூடாது. அம்புட்டுத்தான்.”

சத்தியம் பண்ணாதே என்றுதான் வேதத்தில் இருக்கிறது. பால்துரை பண்ணினான்.

அந்த மெட்டைக் கிடாரில் ஏற்ற நாலு மாசம் ஆயிற்று. வீட்டில் வாசிக்க ஞானரத்தினம் விடவில்லை, மில்லின் பஞ்சுக் கிடங்கில் உட்கார்ந்து வாசித்தான். ஒரு வரி முடிகிற இடத்தில் செல்லத்தாய் மூக்கை உறிஞ்சி மூச்சை ஒரு இழு இழுப்பாள். அந்த மூச்சும் மெட்டில் சேர்த்திதான். இரண்டாவது கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, விரலால் பக்கவாட்டில் இழுத்து, பாதியில் விட்டால் அது வந்தது. முதல் தடவை வந்தபோது அவனே பயந்துபோய்க் கிடாரைக் கீழே வைத்துவிட்டான்.

கேசட் போட முன்வந்தவன் சாரங்கபாணி. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட் கடை வைத்திருந்தான், பக்திப் பாட்டுகளை மதுரையில் பதிவு செய்து வெளியிடுகிறவன். பத்தையும் கேட்டான். ஒன்பதுக்கும் பாக்கு மென்றுகொண்டிருந்தவன், பத்தாவதுக்கு மெல்வதை நிறுத்தினான். இதுதான் அண்ணாச்சி கேசட்டு, மற்றதெல்லாம் கூட வருகிற உருப்படி என்றான். அந்த மட்டில் அவனுக்குக் காது இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. மதுரையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பால்துரை பத்தையும் வாசித்துக் கொடுத்துவிட்டு, அட்டைக்கென்று ஸ்டுடியோவில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகுதான் சாரங்கபாணி வாயைத் திறந்தான். ஒப்பாரி என்று அட்டையில் போட்டால் அந்தக் கேசட்டை எவன் வீட்டுக்குள் விடுவான்? ஆவணியில் முகூர்த்தம் கொட்டிக் கிடக்கிறது, கல்யாணக் கேசட்டாகப் போட்டுவிடலாம், அந்த மெட்டை முதலில் வைத்து ஒரு நல்ல பேரும் வைத்துவிடலாம் என்றான். பால்துரை அவன் மூஞ்சியைப் பார்க்கவே அருவருத்து எழுந்து வந்துவிட்டான். ஒரு வாரம் கழித்துச் சாரங்கபாணி ஆள் விட்டபோதும் முடியாது என்றான். மூன்றாவது தடவை சாரங்கபாணி பேசவே இல்லை. மேஜையைத் திறந்து அட்டைப் படத்தின் மாதிரியை எடுத்து முன்னால் வைத்தான்.

நாற்பது வயதுவரை பால்துரையின் முகம் அச்சேறியதில்லை. மில் அடையாள அட்டையில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் அவன் திருடன் மாதிரி இருப்பான். இதில் கலரில், கிடாரோடு, கீழே கொட்டை எழுத்தில் ‘கிடார் பால்துரை’ என்று இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அண்ணாச்சி, கிடாருக்கு வாயா இருக்கு?” என்றான் சாரங்கபாணி. “நீங்களும் நானும் சொன்னாத்தானே அது ஒப்பாரி.”

“ஆமா, யாருக்குத் தெரியப்போகுது” என்று பால்துரை சொன்னான்.

சாரங்கபாணி சொல்லவில்லை அதை, பால்துரைதான் சொன்னான். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டான். வீட்டுக்குப் போகும்போது, தன் வாயில் தானே எச்சில் துப்பிக்கொண்ட மாதிரி ஒரு ருசி இருந்தது. இரண்டு தெரு தாண்டுவதற்குள் அது போய்விட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது பார்சல் வந்துவிட்டது. ஞானரத்தினம் பார்க்க டேப்பில் போட்டான். முதல் பக்கம் முதல் பாட்டு, பேர் ‘மணவறைத் தென்றல்’. எடுத்த எடுப்பிலேயே தாளப் பெட்டி டிக்கு டிக்கு என்று கிளம்பியது. எந்தப் பித்தானைப் பார்த்து அவன் சபையில் சுளித்தானோ அதே பித்தான். பின்னால் கீபோர்டில் நாதஸ்வரம். செல்லத்தாய் மூச்சை இழுக்கும் இடத்தில், நாலு மாசம் விரல் தேய அவன் கொண்டுவந்த அந்த இடத்தில், எவனோ ஒரு சலங்கையைக் குலுக்கியிருந்தான். முடிவில் கெட்டிமேளம். மெட்டுக் கொடுத்தவர்கள் ஒருத்தர் பேரும் அட்டையில் இல்லை. ஞானரத்தினம் முதலில் டேப்பை நிறுத்தினாள். செல்லத்தாய் அக்காவுக்கு என்ன பதில் சொல்லப் போறீக என்று கேட்டாள். பால்துரை பார்சலைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

அதற்கப்புறம் சந்தையில் இரண்டு தடவை செல்லத்தாய் எதிர்ப்பட்டாள், கேசட்டு வந்துட்டுதாமே தம்பி என்று ஆசையாகக் கேட்டாள். இன்னும் மதுரையில் இருக்கிறது என்று புளுகினான். அவள் வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. அது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தான். நினைத்த மறு நிமிஷமே, சீ, இப்படியும் ஒரு மனுஷனா என்று தன்னையே ஏசிக்கொண்டான். ஏசிக்கொள்வதற்கு ஒன்றும் செலவில்லை பாருங்கள், தினமும் ஏசிக்கொண்டான்.

ஆவணியில் மரகதத்துக்குக் கல்யாணம் கூடியது. சும்மா கூடவில்லை. அவளுக்கு இருபத்தேழு வயது, இதற்கு முன்னால் ஐந்து வரன் கைநழுவிப் போயிருந்தது. தகப்பன் இல்லாத பெண் என்று சிலர் போனார்கள், ஒப்பாரிக்காரி மகளா என்று கேட்டுவிட்டுச் சிலர் போனார்கள். இந்த மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர், பஸ் டிப்போவில் வேலை. அவனுடைய அம்மா கோதைநாயகி மோசமான பொம்பளை இல்லை, ஆனால் சகுனம் என்றால் உயிர். பூனை குறுக்கே போனதற்காக நிச்சயதார்த்தத்தையே ஒரு வாரம் தள்ளிப்போட்டவள். ஒரு குறையும் இல்லாமல் தாலி ஏறிவிட வேண்டும் என்று செல்லத்தாய் மூன்று மாசமாக எந்தச் சாவு வீட்டுக்கும் போகவில்லை. துக்கம் விசாரிக்கக் கூடப் போகவில்லை. வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க வந்தவள், எந் தம்பி சமுத்திரத்தோட நீயும் தம்பி முறைக்கு முன்ன நிக்கணும் என்று பால்துரையைக் கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. பால்துரை வாசலில் கால் வைத்ததும் சவுண்ட் சர்வீஸ்காரன் தவசிமுத்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். இந்த மாசம் பூராவும் நம்ம கேசட்டுதான் அண்ணாச்சி, ஒரு மண்டபம் பாக்கியில்லை என்றான். ஆள் வந்திருக்கும்போது போடாமல் இருந்தால் மரியாதையா என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அதை எடுத்துச் செருகினான். அன்பில் செய்ததுதான். பால்துரை நாலு எட்டு எடுத்துவைத்துப் பித்தானை அமுக்கியிருக்கலாம். எதற்கு நிறுத்துகிறீர்கள் என்று தவசிமுத்து கேட்பானே, அதற்கு என்ன பதில்? அந்தப் பதிலைத் தேடிக்கொண்டு மரம் மாதிரி நின்றான். அதற்குள் டிக்கு டிக்கு ஆரம்பித்துவிட்டது.

அதே நேரத்தில்தான் மரகதத்தை மணவறைக்குக் கூட்டிவந்தார்கள்.

செல்லத்தாய் மகளின் பின்னால் வந்துகொண்டிருந்தாள். முதல் வரிக்கு அவளுக்குத் தெரியவில்லை, தாளத்தின் இரைச்சல் அப்படி. இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், பால்துரையைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ராஜபாளையத்தில் இருந்து வேனில் வந்த தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வருஷமாக அவளோடு தோள் சேர்ந்து அழுதவர்கள். என்ன பாட்டு என்று மண்டைக்கு எட்டுவதற்கு முன்னாலேயே அவர்கள் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தியின் கை தானாக எழுந்து பக்கத்தில் இருந்தவள் கழுத்தைக் கட்டப் போனது. சாவு வீட்டில் கட்டுகிற மாதிரியே போனது. பாதியில் சுதாரித்துக் கையை இழுத்துக்கொண்டாள், ஆனால் கண்ணை இழுக்க முடியுமா? பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக ஏழெட்டுப் பொம்பளைகளும் பொலபொலவென்று உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். சலங்கை வேறு குலுங்கியது.

கோதைநாயகி இதைக் கவனித்துவிட்டாள். மணவறையை விட்டு இறங்கி வந்து, நல்ல நேரத்தில் ஏன் மதினி இவியெல்லாம் அழுறாக என்று செல்லத்தாயிடம் கேட்டாள். குரலில் கொஞ்சம் பதற்றம் இருந்தது. மணமேடையில் உட்கார்ந்திருந்த மரகதம் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது, அந்த மெட்டைக் கேட்டுத்தானே வளர்ந்தவள். முகத்தில் ரத்தமே இல்லை.

செல்லத்தாய் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டாம் என்று பால்துரைக்குப் பிற்பாடு பல நாள் தோன்றியது.

“பொண்ணை அனுப்புறோம்ல மதினி, அழுகை வராதா?” என்றாள். “அதோட இது எங்க வீட்டுப் பாட்டு. எங்கம்மா காலத்துல இருந்து எங்க வகையறாக் கல்யாணத்துக்குன்னே பாடுறது. அதைக் கேட்டதும் பழசெல்லாம் வந்துட்டு.”

கோதைநாயகிக்கு முகம் மலர்ந்துவிட்டது. சம்பந்தி வீட்டுப் பாட்டு கேசட்டில் வந்திருக்கிறது என்றால் சும்மாவா? அட்டையில் இருக்கிற ஆளே முன்னால் நிற்கவும், அப்படியா என்று பால்துரையிடம் திரும்பிக் கேட்டாள். செல்லத்தாயும் திரும்பிப் பார்த்தாள். முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

ஆமா, கல்யாணப் பாட்டுத்தான் என்றான் பால்துரை.

தாலி ஏறியது. பந்தியில் கோதைநாயகி தவசிமுத்துவைக் கூப்பிட்டு அந்தப் பாட்டை மறுபடி போடச் சொன்னாள். சாம்பார் ஊற்றும்போது ஒரு தடவை, பாயசத்துக்கு ஒரு தடவை. மாப்பிள்ளை வீட்டார் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். பால்துரையின் இலையில் யாரோ பால்கோவாவை அள்ளி வைத்தார்கள், பெரிய ஆள் என்று கவனிப்பு. அவன் அதைத் தொடவில்லை. இலையை மூடிவிட்டுப் பின்கட்டுக்கு எழுந்து போனான்.

எச்சில் இலைத் தொட்டிக்குப் பக்கத்தில் செல்லத்தாய் நின்றுகொண்டிருந்தாள். இலைகளின் நாற்றத்தில் ஈ மொய்த்தது. அவன் வாயெடுப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நான் ஒண்ணும் வைய மாட்டேன் தம்பி. வைதா நாலு பேரு என்னன்னு கேப்பாக.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு இருக்கிறது ஒரு மெட்டுத்தான். எங்காத்தாளுக்கு அதுலதான் அழுதேன், எம்புருசனுக்கு அதுலதான் அழுதேன். இனி நான் எந்தச் சாவு வீட்டுல வாயைத் திறந்தாலும் எஞ் சம்பந்தகாரி காதுக்குப் போயிரும். தாலி கட்டையில ஒப்பாரியா வச்சேன்னு எம்மகளை ஒரு ராத்திரி வச்சிருப்பாகளா அந்த வீட்டுல?”

கேசட்டை எல்லாம் திரும்ப வாங்கிவிடுகிறேன் அக்கா என்று அவன் உளறினான்.

“வாங்கு” என்றாள். “வாங்கி, என் வாயில திருப்பி வையி.”

சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு உள்ளே போய்விட்டாள். பொண்ணுக்குத் தாயார் ரொம்ப நேரம் காணாமல் போகக் கூடாதல்லவா.

மறுநாளே பால்துரை சாரங்கபாணி கடைக்குப் போனான். அந்த ஒரு பாட்டையாவது எடுத்துவிடச் சொன்னான், கெஞ்சினான், சட்டையைப் பிடிக்காத குறை. சாரங்கபாணி கோபிக்கவே இல்லை. கோவில்பட்டி, சங்கரன்கோவில் என்று எங்கெங்கோ போய்விட்ட கேசட்டை எப்படி அண்ணாச்சி பிடிப்பது என்று சிரித்தான். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டாம் பாகம் போடலாம் என்று ஜனங்கள் கேட்கிறார்கள், அந்தப் பொம்பளையிடம் இதே மாதிரி இன்னும் இரண்டு மெட்டு வாங்கி வாருங்கள் என்றான். பாக்குக் கறை படிந்த பல்லைக் காட்டிக்கொண்டு அவன் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே! பால்துரை வெளியே வந்து சாக்கடையோரம் குனிந்தான். காலையில் சாப்பிட்ட இட்லி அத்தனையும் வந்தது. சாரங்கபாணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், பித்தம் அண்ணாச்சி, எலுமிச்சம்பழம் சாப்பிடுங்கள் என்று கரிசனமாகச் சொன்னான்.

கோதைநாயகி ஒரு கேசட் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டாளாம். விடிந்ததும் அதுதான் ஓடுகிறதாம், சமையல் செய்யும்போது அந்த மெட்டைத்தான் முணுமுணுக்கிறாளாம். மரகதம் மறுவீடு வந்தபோது ஞானரத்தினத்திடம் சொல்லிவிட்டு, அழாமல் உட்கார்ந்திருந்தாளாம். நல்லா வச்சிருக்காகளா என்று கேட்டதற்கு, ரொம்ப நல்லா வச்சிருக்காக அத்தை, அதான் பயமா இருக்கு என்றாளாம்.

கார்த்திகையில் செல்லத்தாயின் தம்பி சமுத்திரம் செத்துப்போனான். தறிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், அவ்வளவுதான். நாற்பத்தாறு வயது. அக்கா விதவையானதில் இருந்து அந்த வீட்டுக்கு அரிசியும் எண்ணெயும் சுமந்தவன், மரகதத்துக்குத் தாய்மாமன் சீர் செய்தவன். இவனுக்கு அழாமல் அவள் வேறு யாருக்கு அழுவாள்?

பால்துரை போகக் கூடாது என்றுதான் நினைத்தான். போகாமல் இருக்கவும் முடியவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஆண்கள் வாசலில் பந்தலுக்குக் கீழே நாற்காலிகளில் இருந்தார்கள், கதவு திறந்திருந்ததால் உள்ளே பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நடுவில் செல்லத்தாய். அவளுக்கு நேர் எதிரே, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து காலையிலேயே வந்துவிட்ட கோதைநாயகி.

மற்றப் பெண்கள் அவரவர் மெட்டில் கொஞ்ச நேரம் அழுது ஓய்ந்தார்கள். எல்லாரும் செல்லத்தாய்க்காகக் காத்திருந்தார்கள். கூடப் பிறந்தவள் அழாமல் மற்றவர்கள் அழுவதற்குக் கணக்கே கிடையாது. அவள் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவள் விலாவில் இடித்து, ஏட்டி அழுதிரு, அடைச்சிக்கிடும் என்றாள். கோதைநாயகியும் இரக்கப்பட்டு, ஆமா மதினி, மனசுல வைக்காதீக, அழுதிருங்க என்றாள். உண்மையான இரக்கம்தான். அந்த இரக்கத்தைக் கேட்க பால்துரைக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

செல்லத்தாய் தம்பி முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள். தம்பி பேரும், அதோடு அந்த மெட்டின் முதல் இழுப்பும் வெளியே வந்துவிட்டன. கோதைநாயகி சட்டென்று தலையைத் தூக்கினாள். செல்லத்தாய் சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். மெட்டில்லாமல் அழ அவளுக்குத் தெரியாது. தொண்டைக்குள் என்னவோ கர் கர் என்று அடைத்தது, கண் பிதுங்கியது, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. கல்யாணத்தன்று முன்வரிசையில் இருந்து விஷயம் தெரிந்தவர்கள் அவளைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தெரியாதவர்கள் வாசல்வரைக்கும் கேட்கிற மாதிரிக் குசுகுசுத்தார்கள். ஊருக்கெல்லாம் அழுதாளே, கூடப்பிறந்தவனுக்கு அழ மாட்டேங்கிறாளே, மகளைப் பெரிய இடத்தில் கொடுத்ததும் வந்த மினுக்கு என்றாள் ஒருத்தி. சமுத்திரத்தின் பொண்டாட்டி அதைக் கேட்டுவிட்டு நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தாள். இனி அந்த வீட்டுப் படி அவளுக்குக் கிடையாது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

பால்துரை எழுந்துவிட்டான். உள்ளே போய்ச் சொல்லிவிடலாம், நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று கதவுவரைக்கும் போனான். சொன்னால் செல்லத்தாய்க்குத் தம்பி வீடு கிடைக்கும், மரகதத்துக்குப் புருஷன் வீடு போகும். கதவோரம் நின்ற மரகதம் அவனைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள். அவள் வயிறு லேசாக மேடிட்டிருந்தது. அவன் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், மாப்பிள்ளை வகையில் ஏதோ சொந்தம். உள்ளே எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். பிறகு இவனை உற்றுப் பார்த்துவிட்டு, கேசட்டில் இருக்கிற ஆள்தானே நீங்க என்று கேட்டார். ஆமா என்றான்.

“பாத்தீகளா, இப்பெல்லாம் பொம்பளைகளுக்கு அழக்கூடத் தெரியலை” என்றார் அவர். “கல்யாணத்துக்குப் போட்ட மாதிரி ஒப்பாரிக்கும் ஒரு கேசட்டு போட்டு விடுங்க தம்பி. புண்ணியமாப் போகும்.”

“போடலாம் ஐயா” என்றான் பால்துரை.